வெளியே போன புகை எங்கே போகிறது?

மூன்று வருடங்களுக்கு முன்பு வீடு மாறினோம். பெரிய சாமான்கள் எல்லாம் லாரியில் போய்விட்டன, ஒரு புத்தக அலமாரி மட்டும் மிச்சம். பின்சீட்டை மடித்துப்போட்டு அதை என் காரிலேயே ஏற்றினோம். ஒரு முழம் நீளம் கூடிவிட்டதால் டிக்கிக் கதவு மூடவில்லை. கயிறு போட்டு இழுத்துக் கட்டியும் இரண்டு சாண் இடைவெளி இருந்தது. வெளியே நல்ல மழை. கண்ணாடி நான்கையும் ஏற்றிவிட்டு, ஏசியில் உள்காற்றே சுழலும்படி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இருபது நிமிடம் போயிருக்கும். பக்கத்தில் இருந்த தங்கை, "அண்ணா, புகை வாடை அடிக்குதே" என்றாள். முன்னால் போகிற லாரியாக இருக்கும் என்று சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்க ஆரம்பித்தன. அவள் கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டுக்கொண்டிருந்தாள். சாமான் தூக்கிய அலுப்பு என்றுதான் நினைத்தேன். ஒரு வளைவைத் தாண்டியபோதுதான் முன்னால் லாரி எதுவுமே இல்லை என்பது உறைத்தது. வண்டியை ஓரம்கட்டி, இரண்டு பேரும் இறங்கி மழையிலேயே நின்றோம். மூச்சை இழுத்து இழுத்து விட, தலை மெல்லத் தெளிந்தது.

என் கார் விட்ட புகையை நானே அரை மணி நேரம் சுவாசித்திருக்கிறேன், தங்கையையும் சுவாசிக்க வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். எங்கள் மூக்குக்கு எட்டியது அதோடு சேர்ந்து வந்த மற்ற வாயுக்களின் வாடைதான். அந்த வாடையாவது வந்ததே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அன்று இரவு தூங்கப் போகும்போது ஒரு கேள்வி விடாமல் குடைந்தது. கார் முன்னோக்கி ஓடுகிறது. சைலன்சர் குழாய் பின்னோக்கிப் பார்க்கிறது. பின்னால் விட்ட புகை எப்படி ஓடிவந்து காருக்குள் ஏறியது?

படகு போகும்போது அதன் பின்புறத்தைக் கவனித்தால் பதில் தெரியும். படகு விலக்கிய தண்ணீர் உடனே ஒழுங்காகக் கூடிவிடுவதில்லை. பின்பக்கம் சுழித்துக்கொண்டு, படகையே துரத்துவதுபோல் திரும்பி வரும். காரும் அப்படித்தான். மூக்கால் பிளந்த காற்று கூரை வழியாகவும் பக்கங்கள் வழியாகவும் வழுக்கிக்கொண்டு வந்து, பின்விளிம்பில் பிடி விட்டுப் போகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைந்த ஒரு பை உருவாகிறது. அதற்குள் காற்று சுழல்கிறது, ஒரு பகுதி காரின் முதுகை நோக்கியே வருகிறது. ஹேட்ச்பேக் கார்களின் பின்கண்ணாடிக்கு வைப்பர் வைத்திருப்பதும், நீண்ட டிக்கி உள்ள செடான்களில் பெரும்பாலும் அது இல்லாததும் இதனால்தான். டயர் கிளப்பிய சேறும் தூசியும் அந்தச் சுழலில் ஏறி நேராகப் பின்கண்ணாடியில் அப்பும்.

சைலன்சர் வாயும் அதே பைக்குள்தான் திறக்கிறது. டிக்கியைத் திறந்து வைத்தால் சுழலில் இருக்கும் புகைக்கு ஒரு வாசல் கிடைக்கிறது. அடைத்த கண்ணாடியும் உள்காற்றுச் சுழற்சியும் சேர்ந்தால் வந்த புகை வெளியே போகவும் வழியில்லை. நான் செய்த மூன்று காரியங்களும் ஒன்றையொன்று மோசமாக்கின. டிக்கி திறந்தபடி ஓட்டவே கூடாது. வேறு வழியே இல்லையென்றால், வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட வேண்டும். என் கார் பழையது, புகையில் உள்ள விஷ வாயுக்களை மாற்றிவிடும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் தேய்ந்த நிலையில்தான் இருந்திருக்கும். புதிய காராக இருந்திருந்தால் விஷத்தின் அளவு குறைந்திருக்கும். புகை உள்ளே வந்த வழி என்னவோ அதேதான்.

அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனவன்தான், பந்தயக் கார்களில் போய் நின்றேன். சைலன்சர் என்றால் சத்தமும் புகையும் வெளியேறும் ஒரு குழாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே பொருளை வைத்து, ஃபார்முலா ஒன் பொறியாளர்கள் காரைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். குழாயை விட்டு வெளியே வந்த பிறகும் புகைக்கு வேலை இருக்கிறது என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

எப்படி என்று சொல்ல, முதலில் டிஃப்யூசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தயக் காரின் அடித்தளம் சாலையை ஒட்டித் தாழ்ந்திருக்கும். அந்தக் குறுகிய இடுக்கில் புகும் காற்று வேகமெடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். மேலே சாதாரண அழுத்தம், கீழே குறைந்த அழுத்தம் என்றால் கார் தரையை நோக்கி அமுக்கப்படும். இதைத்தான் டவுன்ஃபோர்ஸ் என்கிறார்கள். எடை கூடாமல் டயரின் பிடி கூடுகிறது, வளைவில் இன்னும் வேகமாகத் திரும்பலாம். அடித்தளத்தின் பின்முனை மெதுவாக மேல்நோக்கிச் சரிந்து ஏறும், அந்தப் பகுதிதான் டிஃப்யூசர். காற்று அங்கே விரிந்து, வேகம் தணிந்து, வெளிக்காற்றோடு கலக்கிறது. அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு இழுவை முன்பக்கக் காற்றுக்குக் கிடைக்கும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் காற்று சரிவை ஒட்டி ஏற முடியாமல் பிய்ந்துபோகும். பிய்ந்தால் டவுன்ஃபோர்ஸும் போய்விடும்.

இந்த இடத்தில் புகையைக் கொண்டுவந்து விட்டால்? சாலையோரம் நிற்கும்போது ஒரு பேருந்து விர்ரென்று போனால், அதன் பின்னாலேயே சருகுகள் எழுந்து ஓடுமே, அதே சங்கதி. வேகமாகப் போகும் எதுவும் பக்கத்துக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். சூடாக, சீறிக்கொண்டு வரும் புகையை டிஃப்யூசருக்குள் விட்டால், சோர்ந்துபோகிற காற்றை அது உந்தி இழுத்துச் செல்லும். 1983-ல் ஃபார்முலா ஒன் கார்களின் அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இழந்த டவுன்ஃபோர்ஸை வேறு எங்கே தேடுவது என்று எல்லோரும் தவித்த அந்த வருடத்தில்தான் ரெனோ தன் ஆர்ஈ40 காரில் புகைக்குழாய்களை டிஃப்யூசருக்குள் திறந்துவிட்டது. யோசனை காற்றியக்கப் பொறியாளர் ழான் குளோட் மிஜோவுடையது. அலன் புரோஸ்ட் ஓட்டினார். அந்த வருடச் சாம்பியன் பட்டத்தை நெல்சன் பிக்கேயிடம் அவர் இரண்டே புள்ளிகளில் இழந்தார்.

ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. புகை எப்போது நிறைய வரும்? ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது. டவுன்ஃபோர்ஸ் எப்போது அதிகமாகத் தேவை? வளைவுக்குள் நுழையும்போது. அந்த நேரத்தில் அவர் பிரேக்கில் இருப்பார், ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்காது. ஆக, மிகவும் வேண்டிய நொடியில் கைவிடும் உதவி. காலை எடுத்ததும் காரின் பின்பாகம் பிடி தளர்கிறது, மிதித்ததும் திரும்ப வந்து அழுத்துகிறது. ஒரே வளைவுக்குள் இப்படிக் குணம் மாறும் காரை எப்படி நம்பி ஓட்டுவது? 1998-ல் ஃபெராரி குழாய்களை மேலே தூக்கி, காரின் மேல்மூடி வழியாகத் திறந்தது. பிறகு மற்ற அணிகளும் அதே வழியில் போயின. பல வருடங்கள் புகைக்கு இந்த வேலையில் ஓய்வு கிடைத்தது.

2010-ல் ரெட் புல் அணியின் கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவே ஆர்பி6 காரில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். மறு வருடம் ஆர்பி7-ல் அவர் அணி செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. குழாயின் வாயை டிஃப்யூசரின் நடுவில் வைக்காமல், அடித்தளத்தின் ஓரத்தில், பின்டயருக்கும் டிஃப்யூசருக்கும் இடையில் இருக்கும் சின்ன இடுக்கைப் பார்த்து வைத்தார்கள்.

ஏன் அங்கே? மழையில் ஓடும் காரின் டயரைக் கிட்டே பார்த்தால் விளங்கும். டயர் தரையைத் தொடும் இடத்தில் தண்ணீர் பிதுங்கிப் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். தண்ணீர் இல்லாத நாளில் காற்றும் அப்படித்தான் பிதுங்குகிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அந்தப் பீச்சல் நேராக டிஃப்யூசரின் ஓரத்துக்குள் பாய்ந்து, அங்கே ஒழுங்காக ஓடும் காற்றைக் கலைத்துவிடும். ரெட் புல் அந்த வாசலில் புகையை நிறுத்தியது. சூடான புகை ஒரு திரைபோல் இறங்கி, டயரின் பீச்சலை வெளியே தள்ளியது. முன்காலத்துப் பந்தயக் கார்களின் இரண்டு பக்கமும் தரையை உரசும்படி பலகை வைத்து இடுக்கை அடைத்தார்கள், பின்னால் விதி அதைத் தடுத்தது. பலகை செய்த வேலையை இப்போது புகை செய்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகை! இதை முதன்முதலில் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடந்தேன், அவ்வளவு அழகான யோசனை.

சரி, ஆக்ஸிலரேட்டர் சிக்கல்? அதற்கும் வழி கண்டார்கள். ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் எஞ்சினின் காற்றுவழி மூடாமல் இருக்கும்படி கணினியில் எழுதினார்கள். எரிபொருள் விடாமல் வெறும் காற்றை மட்டும் எஞ்சின் ஊதித் தள்ளுவது ஒரு வகை. கொஞ்சம் எரிபொருளும் விட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, வெடிப்பின் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் குழாயை நோக்கிப் போகும்படி செய்வது இன்னொரு வகை. எஞ்சின் ஒரே நேரத்தில் காரை ஓட்டும் எந்திரமாகவும் காற்றுத் துருத்தியாகவும் ஆனது. 2011 பந்தயப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். வளைவுக்குள் வேகம் குறையும் இடத்திலெல்லாம் தொண்டை கரகரத்தது போல ஓர் உறுமல் கேட்கும். அது இந்த ஊதல்தான்.

ஓட்டுநர்களுக்கும் இது புதுப் பாடம். பின்பாகம் வழுக்கத் தொடங்கினால் காலை எடு என்பதுதான் ஓட்டக் கற்ற நாளிலிருந்து உடம்பில் ஊறியது. இந்தக் காரில் அந்த நேரத்தில் மிதிக்க வேண்டும். மிதித்தால் புகை கூடும், புகை கூடினால் பிடி கூடும். செபாஸ்டியன் வெட்டல் இந்தப் பழக்கத்துக்குள் சீக்கிரம் போய்விட்டார். அதே காரை ஓட்டிய மார்க் வெப்பர் திணறினார். 2011-ல் நடந்த 19 பந்தயங்களில் 18-ல் முதல் இடத்திலிருந்து புறப்பட்டது ரெட் புல் கார்தான், அதில் 15 வெட்டலுடையவை. கொரியாவில் மட்டும் லூயிஸ் ஹாமில்டன் அதை உடைத்தார். காரும் ஓட்டுநரும் எஞ்சினும் சேர்ந்து கிடைத்த வெற்றிகளை ஒரு புகைக்குழாயின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன். ஆனாலும் அந்தக் குழாய்க்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அதே ஆண்டு லோட்டஸ் ரெனோ அணி, எல்லோரும் பின்னால் விட்ட புகையை அடித்தளத்தின் முன்முனையில், பக்கப்பெட்டிகளுக்கு முன்பாகவே விட்டது. அடித்தளம் முழுவதற்கும் புகை உதவட்டும் என்ற துணிச்சல். 800 டிகிரிக்கு மேல் கொதிக்கும் புகையை காரின் உடம்பு நெடுக ஓட்டுவது லேசான காரியமில்லை. ஹங்கேரியில் நிக் ஹைட்ஃபெல்டின் கார் பிட் நிறுத்தம் முடிந்து வெளியே வந்ததும் பக்கவாட்டில் தீப்பிடித்தது. அவர் குதித்துத் தப்பினார்.

ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ஊதுவதை நடுவழியிலேயே தடுக்கப் பார்த்தது, பந்தய விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏ. 2011 சில்வர்ஸ்டோன் பந்தயத்திலிருந்து, கால் எடுத்த நிலையில் காற்றுவழி 10 சதவீதம் மட்டுமே திறந்திருக்கலாம் என்றது. எஞ்சின் நிறுவனங்கள் தங்கள் எஞ்சினின் ஆயுளைக் காட்டிச் சலுகை கேட்டன. ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவருக்கு ஏன் இல்லை என்று அந்த வார இறுதி முழுக்க வாக்குவாதம். பந்தயத்தை ஃபெர்னாண்டோ அலோன்சோ ஜெயித்தார், அந்த வருடத்தில் ஃபெராரிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. அடுத்த பந்தயத்திலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

2012-ல் விதி தெளிவாக வந்தது. குழாயின் வாய் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும், மேல்நோக்கித்தான் பார்க்க வேண்டும். அதோடு முடிந்திருக்கும் என்று நினைப்போம். ஒரு கரண்டியின் முதுகை, குழாயிலிருந்து விழும் தண்ணீரில் லேசாகத் தொட வைத்துப் பாருங்கள். நேராக விழுந்த தண்ணீர் கரண்டியின் வளைவை ஒட்டிக்கொண்டு திசை திரும்பும். கோவாண்டா விளைவு என்பது இதுதான். மேல்நோக்கிப் போகும் புகைக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி வளைந்த ஒரு தளத்தை அமைத்து, புகை அதைத் தழுவிக்கொண்டு பழையபடி டயர் ஓரத்துக்கே இறங்கும்படி செய்துவிட்டார்கள். விதியின் எழுத்தை மீறாமல் புகையை வீட்டுக்குக் கூட்டிவந்ததுபோல. கடைசியில் 2014-ல்தான் கதை முடிந்தது. 1.6 லிட்டர் டர்போ எஞ்சின் வந்தது, ஒரே குழாய், அதுவும் காரின் நடுக்கோட்டில், பின்னால், உடம்பின் எந்தப் பாகமும் புகையைப் பிடித்துத் திருப்ப முடியாத இடத்தில். டர்போ தன் பங்குக்குப் புகையின் சக்தியை உறிஞ்சிக்கொண்டதில் சத்தமும் அடங்கிப்போனது. ரசிகர்கள் குறைப்பட்டதால் அந்த மே மாதம் மெர்சிடிஸ் அணி பார்சிலோனாவில் குழாயின் முனையில் ஒரு பெரிய ஊதுகுழலைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தது. அது சரிப்படவில்லை.

இதையெல்லாம் படித்தபின், நம் கார்களிலும் இது நடக்குமா என்ற ஆசை எனக்கும் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து 2.4 லிட்டர் வி8 எஞ்சின் நிமிடத்துக்கு 18,000 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் தன் கொள்ளளவில் பாதி காற்றை இழுக்கும். அப்படியானால் நொடிக்கு 360 லிட்டர் காற்று. எரிந்து சூடாகி வெளியே வரும்போது அது மூன்று மடங்குக்கும் மேல் விரிந்து, நொடிக்கு 1,000 லிட்டரைத் தாண்டும். இப்போது ஒரு 1.2 லிட்டர் காரை எடுங்கள். சாலையில் 2,000 சுழற்சியில் நிதானமாகப் போகும்போது, காற்றுவழி முழுதாகத் திறந்திருந்தாலே நொடிக்கு 20 லிட்டர்தான். பாதிகூடத் திறந்திருக்காது. அந்தப் புகை குழாயின் கடைசிக்கு வரும்போது ஆறி, அடங்கி, சாதுவாகிவிடும். அது காரை முன்னே தள்ளும் விசை ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைக்குக்கூட வராது. பம்பருக்குக் கீழே டிஃப்யூசர் வடிவத்தில் கறுப்புப் பிளாஸ்டிக்கும், இரண்டு பக்கமும் பளபளக்கும் குழாய் முனைகளும் உள்ள கார்கள் நிறைய வருகின்றன. சிலவற்றில் அந்த முனை வெறும் அலங்காரம். உள்ளே அடைத்திருக்கும், உண்மையான குழாய் பின்னால் மறைவில் தரையைப் பார்த்து வளைந்திருக்கும். தரையைப் பார்த்து வளைப்பதில் ஓர் அர்த்தம் உண்டு, கரி பம்பரில் படியாது. அலங்கார முனையில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு காரின் மிக நேர்மையான உறுப்பு என்று நான் மதிப்பது புகைக்குழாயை. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை அது மறைக்காமல் சொல்லும்.

நம் காரில் புகையின் ஓட்டம் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் குழாய்க்கு வெளியே இல்லை, உள்ளே. இதைப் பணம் கொடுத்துக் கற்றேன். என் முதல் காரில் ஆசைப்பட்டு ஒரு தடித்த குழாயும் பெரிய சைலன்சரும் மாட்டினேன். "பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகும் சார்" என்றார் மாட்டியவர். சத்தம் பிய்த்துக்கொண்டு போனது உண்மை. ஆனால் சிக்னலில் இருந்து கிளம்பும்போது கார் முன்னைவிடச் சோம்பலாக நகர்ந்தது. 2,500 சுழற்சியில் ஒரு ரீங்காரம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், நீண்ட தூரம் போய் இறங்கினால் அரை மணி நேரத்துக்கு அது போகாது. மூன்று மாதத்தில் பழையதையே திரும்ப மாட்டினேன். அப்போது இன்னொரு மெக்கானிக் சொன்னார், "எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும் சார், அதை எடுத்துட்டீங்க." அவர் கண்ட விளைவு சரி. சொன்ன காரணம் சரியில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. புகை போகும் வழியில் முட்டுக்கட்டை இருப்பதை எந்த எஞ்சினும் விரும்புவதில்லை. அதற்கு வேண்டியது புகையின் வேகமும் நேரமும்.

புகை ஒரே சீராக ஓடுவதில்லை, துடிப்பு துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் கதவைத் திறக்கும்போது ஓர் அழுத்த அலை குழாய்க்குள் கிளம்பும். சூடான புகைக்குள் அந்த அலை நொடிக்கு 500 மீட்டருக்கும் மேல் பாய்கிறது. குழாய் திடீரென்று அகலும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், அது தலைகீழாகி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். ஒரு மீட்டர் தூரம் போய்வர நான்கு மில்லிநொடிகூட ஆகாது. புகை வெளியேறும் கதவு மூடும் முன்பே புதுக்காற்று வரும் கதவு லேசாகத் திறக்கும் ஒரு கணம் எஞ்சினில் உண்டு. திரும்பிய அலை சரியாக அந்தக் கணத்தில் வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுத்து, அந்த இழுப்பிலேயே புதுக்காற்றையும் உள்ளே வரவைக்கும். எஞ்சினுக்குச் செலவில்லாமல் ஒரு கூடுதல் மூச்சு. வேறு வேகத்தில் அதே அலை தப்பான நேரத்தில் வந்து நிற்கும். நீண்ட, ஒல்லியான குழாய் குறைந்த வேகத்துக்கு ஒத்துவரும், குட்டையான, தடித்த குழாய் அதிக வேகத்துக்கு. நான் மாட்டியது 6,000 சுழற்சிக்கு வேண்டிய குழாய். நான் ஓட்டியதோ 2,000-ல்.

சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டிலோ அதை அடுத்த இணைப்பிலோ சின்ன விரிசல் விழுந்தாலும் மைலேஜ் குறைவதற்கும் இந்தத் துடிப்புதான் காரணம். அழுத்தம் கூடும்போது புகை வெளியே கசியும், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகும். அப்படிப் போன ஆக்ஸிஜனைப் பார்த்து சென்சார் ஏமாறும். எரிபொருள் போதவில்லை போலிருக்கிறது என்று கணினி இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பக்கம் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் அந்தச் சத்தம் மறைந்தால் இந்தக் கசிவைச் சந்தேகிக்கலாம். உலோகம் விரிந்து விரிசலை மூடிக்கொள்வதால் சத்தம் நிற்கிறது.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரை இப்போதெல்லாம் எஞ்சினை ஒட்டியே வைக்கிறார்கள். அதில் உள்ள பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் 250, 300 டிகிரிக்குச் சூடானால்தான் வேலையைத் தொடங்கும், எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் சூடேறும். அதைக் கழற்றிவிட்டு நீளக் குழாய் மாட்டினால் கொஞ்சம் வேகம் கிடைக்கலாம். ஆனால் நம் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் அந்தப் புகைக்குள்தான் மூச்சு விடுகிறார். அரை மணி நேரம் அதைச் சுவாசித்துப் பார்த்தவன் என்பதால் இந்த விஷயத்தில் என்னிடம் சமரசம் இல்லை.

போன மாதம் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். காரைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள், அடியில் போய் நின்று பார்த்தேன். முன்பாதியில் எஞ்சினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு, அங்கே காற்று வழுக்கிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு ஒரே மேடுபள்ளம். நடுவில் ஒரு வாய்க்கால் போலக் குடைந்து அதற்குள் புகைக்குழாய், மேலே சூட்டைத் தடுக்கும் வெள்ளிநிறத் தகடு, இரண்டு இடத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கல், கடைசியில் ஒரு தலையணை அளவுக்குச் சைலன்சர். அத்தனையிலும் காற்று முட்டி முட்டித்தான் பின்னால் போகிறது. குழாய் சூடாகும் என்பதால் அடியை முழுக்க மூடவும் முடியாது. மின்சாரக் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடிப்பாகம் மேசைப் பலகைபோல் தட்டையாக இருக்கும். மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் என்ற மின்சாரக் கார் 0.20 என்ற மிகக் குறைந்த காற்றுத்தடை எண்ணைத் தொட்டதற்கு அந்தத் தட்டையான அடிப்பாகமும் ஒரு காரணம்.

சைலன்சரின் அடியில், கடைசி ஓரத்தில், பென்சில் முனையளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. பக்கத்தில் நின்ற மெக்கானிக்கிடம், "அண்ணே, துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருச்சா?" என்றேன்.

"அது விழலை சார், கம்பெனியிலேயே போட்டது" என்றார். "தண்ணி வடியறதுக்கு."

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் அத்தனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவி ஆகிறது. குழாய் சூடாக இருந்தால் ஆவியாகவே போய்விடும். ஐந்து நிமிடத் தூரம் போய் நிறுத்தி, திரும்ப ஐந்து நிமிடம் வந்து நிறுத்தினால், சைலன்சர் கடைசிவரை சூடேறுவதே இல்லை. ஆவி உள்ளேயே குளிர்ந்து தங்கும், புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோல் இருக்கும் சைலன்சர் ஒருநாள் திடீரென்று பொத்துக்கொள்வது இப்படித்தான்.

அவர் தன் கையிலிருந்த துணியை அந்த ஓட்டைக்குக் கீழே பிடித்தார். ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, கரி கலந்து, லேசான பழுப்பு நிறத்தில்.

"பக்கத்துல பக்கத்துலதான் ஓட்டுறீங்களா?"

ஆமாம் என்றேன்.

"வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நிக்காம ஓட்டுங்க. உள்ள இருக்கறதெல்லாம் காஞ்சு வெளிய போயிரும்."

இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தங்கையும் நானும் ஒரு சுற்று போய்வருகிறோம். கிளம்பும்போது குழாயின் வாயிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும், உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் ஈரமாகத் துடிக்கும். திரும்பி வந்து நிறுத்தியதும் அவள்தான் முதலில் பின்னால் போய்ப் பார்ப்பாள். "காஞ்சிருச்சுண்ணா" என்பாள்.